பழைய காரில் ஒட்டிய பட்டைகளைக் கழற்றுவது எப்படி? பெயின்ட் அடிப்பதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரீமியர் பத்மினி, அம்பாசிடர், கான்டெஸா, 118 என்இ, முதல் தலைமுறை மாருதி 800 போன்ற வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் இப்போது வளர்ந்திருக்கிறது. டிங்கரிங், என்ஜின், இருக்கை உறை எல்லாவற்றுக்கும் யோசித்துச் செலவிடுகிறவர்கள்கூட, கதவோரம் ஓடும் பட்டையையும் அதன் அடியில் காய்ந்து கிடக்கும் பசையையும் கடைசி நேரத்தில் அவசரமாகக் கையாளுகிறார்கள். புதிய பெயின்டில் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைகளில் பல, இந்த நான்கு விரல் அகல இடத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே இந்த வேலைக்கு மட்டும் ஒரு தனிப் பக்கம்.

என் காரில் உள்ள பட்டை ஒட்டப்பட்டதா, கிளிப்பில் நிற்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியையும் கையில் எடுக்காதீர்கள். அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் தொழிற்சாலையிலேயே வந்த உலோகப் பட்டைகள் பெரும்பாலும் கிளிப்பிலோ, பின்புறம் நட்டு போட்ட திருகிலோ நிற்பவை. எண்பதுகளுக்குப் பிறகு பரவிய கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகள் பெரும்பாலும் இருபக்க ஒட்டு நாடாவில் நிற்பவை. இதற்கு மேல் ஒரு குழப்பமும் உண்டு. அந்தக் காலத்தில் உதிரி அலங்காரக் கடையில் பட்டை வாங்கி ஒட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்ததால், ஒரே வண்டியில் கிளிப் பட்டையும் ஒட்டுப் பட்டையும் சேர்ந்தே இருக்கலாம். கிளிப் உடைந்த பட்டையைப் பசை போட்டு நிறுத்தியிருப்பதும் சாதாரணம்.

கதவின் உள் அட்டையைக் கழற்றி, டார்ச் அடித்து, தகட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பட்டை ஓடும் கோட்டில் வரிசையாக ஓட்டைகளோ கிளிப் முனைகளோ தெரிந்தால், நெம்புவதற்குப் பதிலாக உள்ளிருந்து விடுவிக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் ஒட்டியதுதான். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால், பட்டையின் ஒரு முனையில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி நகர்த்துங்கள். வழியெங்கும் மெத்தென்று தடுத்தால் நாடா. தடையில்லாமல் போய்ச் சட்டென்று ஓரிடத்தில் முட்டினால் கிளிப்.

பட்டையை ஏன் கழற்ற வேண்டும்? மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்து அடித்துவிடலாமே?

அடிக்கலாம். விற்பதற்காக வண்டியை மினுக்குகிறவர்கள் அப்படித்தான் அடிக்கிறார்கள். ஆனால் பட்டையின் விளிம்பை ஒட்டிப் பெயின்ட் கனமாகப் படிந்து ஒரு வரம்பு கட்டும். அந்த வரம்பு முதலில் வெடிக்கும்; பிறகு அதன் வழியே தண்ணீர் இறங்கும். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே முப்பது ஆண்டுத் தூசியும் ஈரமும் ஏற்கெனவே தங்கியிருக்கின்றன. கடலோர ஊர் வண்டியாக இருந்தால் உப்பும் சேர்ந்திருக்கும். உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே புதுப் பெயின்ட் அடிப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

கழற்றுவதற்கு முன் என்ன ஏற்பாடு தேவை?

வண்டியை நன்றாகக் கழுவி, பட்டையின் ஓரங்களில் உள்ள மண்ணைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள். பட்டையை அறுத்தெடுக்கப் பிறகு தூண்டில் நரம்பை இழுக்கும்போது, அந்த மண் நரம்போடு சேர்ந்து உலோகத்தைக் கீறும்.

அடுத்து அளவு எடுங்கள். பட்டையின் மேல்விளிம்பு கதவின் கீழ்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், முன் முனை கதவு இடுக்கிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு முனைகளிலும் அளந்து எழுதுங்கள். புகைப்படமும் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், கோணம் ஏமாற்றும். பட்டையின் பின்புறம் ‘இடது முன் கதவு’ என்பதுபோல் எழுதிய துண்டு டேப்பை ஒட்டுங்கள். பெயின்ட் முடிந்தபின் இடமும் வலமும் ஒரே உயரத்தில் வரவில்லையென்றால், எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

எவ்வளவு சூடு கொடுக்கலாம்?

பசை இளக 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் போதும். தகட்டில் உள்ளங்கையை வைத்தால் ஓரிரு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாத சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடி உலர்த்தும் கருவியே இதற்குப் போதும். ஹீட் கன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் வாயில் காற்று 500 டிகிரியைத் தாண்டக்கூடும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், பட்டை நெடுகக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். ஓரிடத்தில் நின்றால் பிளாஸ்டிக் பட்டை சுருண்டுவிடும், பள்ளங்களை நிரப்பப் பூசிய பழைய பட்டி (புட்டி) கொப்பளிக்கும், மெல்லிய கதவுத் தகடு நெளியும்.

நம் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது, செலவில்லாதது. சித்திரை வெயிலில் அடர்நிற வண்டியை நண்பகலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் தகடே தேவையான சூட்டுக்கு வந்துவிடும். பட்டையைக் கழற்ற வெயில் நல்லது. ஆனால் பசையைக் கரைக்கும் வேலைக்கு வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, தகடு ஆறும்வரை காத்திருங்கள். சூட்டுத் தகட்டில் ஊற்றிய கரைப்பான் பசைக்குள் இறங்குவதற்கு முன்பே ஆவியாகிவிடும்.

நரம்பா, பிளேடா?

நரம்புதான். மீன்பிடி கடைகளில் கிடைக்கும் தூண்டில் நரம்பில் கொஞ்சம் தடித்ததாக ஒரு முழம் வாங்கி, இரண்டு முனைகளையும் சிறு மரத்துண்டுகளில் கட்டிக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, பட்டைக்குப் பின்னால் நரம்பை நுழைத்து, வேகவைத்த முட்டையை நூலால் அறுப்பதுபோல் இடம் வலமாக இழுத்தபடி முன்னேறுங்கள். நரம்பு நுரை நாடாவின் நடுவே அறுத்துக்கொண்டு போகும். பட்டையையும் தகட்டையும் தொடாது. அறுபடும்; ஒரு பக்கத்துக்கே இரண்டு மூன்று துண்டுகள் செலவாகும்.

உலோக பிளேடும் திருப்புளியும் வேண்டாம். ‘எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிறோம், கீறினால் என்ன?’ என்று கேட்பார்கள். கீறல் பெயின்டோடு நிற்பதில்லை. நெம்புகிற திருப்புளி தகட்டில் பதியும் குழியைப் பட்டி போட்டு நிரப்ப வேண்டிவரும். பட்டையும் வளைந்துவிடும். ஒருமுறை மடங்கிய அலுமினியப் பட்டையை நேராக்கினாலும் அந்த மடிப்பின் தடம் வெளிச்சத்தில் தெரியும். பழைய வண்டிகளுக்கு மூலப் பட்டை எளிதில் கிடைப்பதில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் சல்லடை போட்டுத் தேடினாலும், நேரான முழுப் பட்டை கைக்கு அகப்படுவது அதிர்ஷ்டம். உங்கள் வண்டியில் இருப்பதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

பட்டை வந்துவிட்டது, பசை தகட்டிலேயே நிற்கிறது. அதை எப்படி எடுப்பது?

முதலில் அது எந்த வகைப் பசை என்று பாருங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று இழுபடும் மஞ்சள் அல்லது பழுப்புப் பசை, பழைய ரப்பர் வகை. பிவிசி பட்டையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய், வருடக்கணக்கில் பசைக்குள் கசிந்து இறங்குவதாலும் இப்படிக் கூழாகும். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் ரப்பர்போல் துள்ளும் நுரை என்றால் அக்ரிலிக் நாடா. இது பிந்திய காலத்தது; பிடிவாதமானது.

ரப்பர் பசைக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் போதும். துணியை நனைத்துப் பசையின் மேல் போட்டு, அதன் மேல் பாலித்தீன் தாளால் மூடி, கால் மணி நேரம் விடுங்கள். மூடுவதுதான் இதில் முக்கியம். மூடாவிட்டால் பாதி காற்றோடு போய்விடும். பிறகு பழைய ஏடிஎம் அட்டைபோன்ற பிளாஸ்டிக் துண்டால் வழித்தெடுங்கள். வழித்ததைத் திரும்பத் தகட்டிலேயே பரப்பாமல் ஒவ்வொரு முறையும் அட்டையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் நுரையானால், முதலில் தகடு சூடாக இருக்கும்போதே கட்டை விரலால் உருட்டிப் பாருங்கள். நுரை சுருண்டு சுருண்டு வரும். சலிப்பான வேலை, ஆனால் வேறு எதைவிடவும் பாதுகாப்பானது. பெரும்பகுதி வந்தபின் எஞ்சிய மெல்லிய படலத்துக்குப் பெயின்ட் கடைகளில் விற்கும் பசை நீக்கியைப் பயன்படுத்துங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் இந்தப் பசையைக் கரைப்பதில் வலுவற்றது. அது கடைசித் துடைப்புக்கு உரியது.

எந்தத் திரவமானாலும் இரண்டு துணி வேண்டும். நனைந்த துணியால் ஒருமுறை, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒருமுறை. ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் கரைந்த பசையைக் கதவு முழுவதும் மெல்லியதாகப் பூசிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர்: இவற்றில் எது சரி?

பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து எங்கோ இருக்கும் பொறியைத் தேடிப்போகும். பென்சீன் கலந்தது, தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. மண்ணெண்ணெய் பசையை இளக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் தெளிப்பான்களும் அப்படித்தான். பயன்படுத்தினால் பிறகு இரண்டு முறை முழுமையாகக் கழுவ வேண்டும்.

தின்னரைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் பெயின்ட் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் இருக்கிறது. கதவின் உள்விளிம்பில் மறைவான இடத்தில், தின்னர் நனைத்த துணியை அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் கரைந்து துணியில் தாராளமாக வந்தால் என்சி. சுருங்கிச் சுருக்கம் விழுந்தால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால், கடினப்படுத்தி (ஹார்டனர்) கலந்து அடித்த பி.யு. (பாலியூரித்தேன்) வகை. முதல் இரண்டிலும் தின்னர் பசையைக் கரைப்பதற்குள் பெயின்டையும் கரைத்து, இரண்டையும் ஒரே சேறாக்கிவிடும். இந்தச் சோதனையின் விடையைப் பெயின்டரிடமும் சொல்லுங்கள். பழைய என்சியின் மேல் நேரடியாகப் பி.யு. அடித்தால் அடிப்படலம் இளகிச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது. அதற்கு ஏற்ற பிரைமரை (அடிப்பூச்சை) அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

வெறும் இரும்புத் தகடு தெரியும்வரை எல்லாவற்றையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் தின்னரால் கவலையில்லை. பட்டைகளில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு வெளுத்துப் பொரிந்துவிடும்.

டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் உதவுமா?

அக்ரிலிக் நாடாவுக்கு மிக நன்றாக உதவும். ஆனால் டிரில்லில்தான் மாட்ட வேண்டும், குறைந்த வேகத்தில். கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடுவது. அந்த வேகத்துக்கு இந்தச் சக்கரம் செய்யப்படவில்லை, பிய்ந்து பறக்கும். சக்கரத்திலேயே அதிகபட்சச் சுற்று அச்சிடப்பட்டிருக்கும், அதை மீறாதீர்கள். அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே இருங்கள். என்சி பெயின்டின் மேல் இது வேண்டாம். உராயும் சூட்டில் பெயின்ட் இளகிக் கோடு கோடாக இழுபடும்.

முந்தைய உரிமையாளர் அரால்டைட்டும் சிலிகானும் போட்டு ஒட்டியிருக்கிறார். என்ன செய்வது?

அரால்டைட் போன்ற எபாக்சி பசை கரைப்பான்களுக்கு மசியாது. சூட்டுக்கு இளகும். நன்றாகச் சூடாக்கி, மரத்தாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ ஆன உளியால் சிறுகச் சிறுக எடுங்கள். அந்த இடத்தில் அடிப்பெயின்ட் பெயர்ந்து வரத்தான் செய்யும்.

சிலிகான்தான் உண்மையான தலைவலி. பார்வைக்குப் போய்விட்டதுபோல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கிவிடும். அதன் மேல் பெயின்ட் விழுந்ததும் விலகி ஓடி, வட்ட வட்டமாகக் குழி விழும். பெயின்டர்கள் ‘மீன்கண்’ என்பது இதைத்தான். சிலிகானை முடிந்தவரை முழுத்துண்டாக உரித்தெடுத்து, பிறகு சிலிகான் நீக்கியால், ஒவ்வொரு முறையும் புதுத் துணியோடு பலமுறை துடையுங்கள். துடைத்த துணிகளை ஷெட்டில் வேறு எதற்கும் எடுக்காதீர்கள். டாஷ்போர்டு பாலிஷிலும் டயர் பாலிஷிலும்கூடச் சிலிகான் உண்டு. வேலை முடியும்வரை அவற்றை அந்தப் பக்கமே கொண்டுவரக்கூடாது.

‘உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பசையும் சேர்ந்து போய்விடும்’ என்கிறார் பெயின்டர். சரியா?

சரியில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பசை முழுவதும் கழுவி முடிக்காமல் உப்புத்தாள் தகட்டைத் தொடக்கூடாது.

உப்புத்தாள் பசையை நீக்குவதில்லை. உராய்வுச் சூட்டில் பசை இளகித் தாளின் துகள்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அடைத்த தாள் வெட்டாது, பூசும். அதோடு தாள் உண்டாக்கும் நுண்ணிய கீறல்களுக்குள் பசையும் மெழுகும் எண்ணெயும் திணிக்கப்படும். மேலே துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகும். கீறலின் அடியில் உள்ளது அப்படியே இருக்கும். பிரைமர் அடித்த அன்று ஒன்றும் தெரியாது. வண்டி வெயிலில் நின்று சூடாகும் நாள் ஒன்றில், பழைய பட்டை இருந்த அதே கோட்டில் பெயின்ட் குமிழ்விடும் அல்லது ஏடாக உரியும். அப்போது பெயின்டர் பெயின்ட் கம்பெனியைக் குறை சொல்வார், கடைக்காரர் தின்னரைக் குறை சொல்வார்.

பெயின்டரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருக்குத் தருகிற கூலியில் பசை எடுக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கிடப்படுவதில்லை. பேசும்போதே இதைத் தனி வேலையாகச் சொல்லித் தனிக் கூலி பேசுங்கள். முடியாவிட்டால் வண்டியை ஷெட்டுக்கு அனுப்புவதற்கு முன் இந்த ஒரு வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். இதற்குப் பெரிய கைத்திறன் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் ஆகிவிடும்.

முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

சோப்பு கலக்காத நல்ல தண்ணீரைத் தகட்டின் மேல் ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். ஓரிடத்தில் மட்டும் விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ பசையோ மிச்சம் இருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றிப் பாருங்கள். பெயின்ட் முழுவதும் எடுத்த வெறும் தகட்டில் இந்தச் சோதனை முடிந்த கையோடு உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே செந்துரு படியும்.

பட்டைக்கு அடியில் துருவும் ஓட்டைகளும் இருக்கின்றன.

மேலோட்டமான துரு என்றால் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை எடுங்கள். குழிகளின் அடியில் எஞ்சும் கரும்புள்ளிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றியைப் பூசலாம். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்திய பிறகே பிரைமர்.

கிளிப் ஓட்டைகளைப் பட்டியால் அடைக்காதீர்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது பின்பக்கமாகப் பட்டியை நனைத்து, ஓட்டையின் விளிம்பில் துரு பிடித்து, வட்டமாகப் பட்டி பெயர்ந்து விழும். பட்டை வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஓட்டைகளை வெல்டிங் வைத்து மூடுங்கள். பின்னால் செம்புத் துண்டை வைத்துப் பிடித்தால் சூடு பரவித் தகடு நெளியாது. கிளிப் திரும்ப வரப்போகிறது என்றால் ஓட்டையின் உள்விளிம்பிலும் பிரைமர் படுமாறு பாருங்கள்.

பசை எல்லாம் போய்விட்டது, ஆனால் பட்டை இருந்த இடத்தில் கோடு தெரிகிறது.

நிறக் கோடு மட்டும் என்றால் கவலை வேண்டாம். வெயில் படாத பகுதி மங்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். விரல் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அது மேடு. அதைச் சமன் செய்யாமல் அடித்தால், எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கோடு மேலே எழுந்து தெரியும். மரக்கட்டையில் சுற்றிய 180 எண் தாளில் தொடங்கி 320, பிறகு 400 என்று போங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடத்திலேயே பள்ளம் விழும். நகம் தட்டாமல் போகும்வரை சரிவை அகலமாக்கிக்கொண்டே செல்ல வேண்டும்.

உடம்புக்கும் தீக்கும் என்ன முன்னெச்சரிக்கை?

சூடு கொடுக்கும் வேலையை முழுவதும் முடித்து, ஹீட் கன்னை வேறு இடத்தில் வைத்தபின் கரைப்பான் டப்பாவைத் திறங்கள். ரப்பர் சக்கரம் ஓட்டுவதற்கு முன்னும் தகடு காய்ந்திருக்க வேண்டும், டிரில் மோட்டார் பொறி தெறிக்கும். நனைந்த துணிகளை உருட்டிக் குவித்துவைக்காமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். நைட்ரைல் கையுறை அணியுங்கள். சாதாரண ரப்பர் கையுறை டர்பன்டைனில் ஊறிப் பிய்ந்துவிடும்.

பழைய பெயின்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்களில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதிகளே இந்தியாவில் 2016இல்தான் வந்தன; அவையும் வாகனப் பெயின்டுக்கு உரியவை அல்ல. ஆகவே தண்ணீர் விட்டே தேயுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடாதீர்கள், வேலையின்போது அணிந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

பட்டைகளை எப்போது, எப்படித் திரும்ப ஒட்டுவது?

பெயின்ட் தொடுவதற்குக் காய்ந்திருப்பது போதாது; உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். முன்கூட்டியே ஒட்டினால் அது நாடாவின் அடியில் சிக்கிக்கொள்ளும். குறைந்தது ஒரு வாரம் விடச் சொல்வேன். என்சி என்றால் இன்னும் கூட. அதுவரை பட்டையின் பின்புறப் பசையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம்.

வாகனங்களுக்கென்று விற்கும் அக்ரிலிக் நுரை நாடாவை வாங்குங்கள். ஸ்டேஷனரி கடையின் இருபக்க நாடா ஒரு கோடையைத் தாங்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து தகட்டையும் பட்டையின் பின்புறத்தையும் துடைத்து, முன்பு எழுதிய அளவுப்படி மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஒட்டி, நெடுக அழுத்துங்கள். அழுத்தம்தான் இந்த நாடாவைப் பிடிக்கவைக்கிறது. முழுப் பிடிப்பு வர ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம்.

பட்டையோடு நிறத்தையும் மாற்றுகிறேன். ஏதாவது பதிவு தேவையா?

தேவை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வண்டியின் நிறம் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதே நிறத்தில் மறுபடி அடிப்பதற்கு இது வேண்டியதில்லை. அப்போது, கழற்றிய பட்டைக்கு அடியில் வெயில் படாமல் இருந்த பெயின்டை நிறம் பொருத்தும் கடையில் காட்டுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்டாக இருந்தால், வண்டியின் மூல நிறத்துக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஆகவே அந்த இடத்தைத் தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.